பிய்த்தால் செல்லாது

கண்ணாடியின் கீழ்மூலையில்
ஏப்ரலில் ஒட்டிக்கொடுத்தார்கள்.
பச்சை ஸ்டிக்கர், நடுவில் ஒரு நாரை.
கவுண்டியின் எல்லாப் பூங்காவுக்கும்
டிசம்பர் முப்பத்தொன்று வரை
இருபத்தெட்டு டாலர்.
பாதி அவன் தந்தான், பாதி நான்.
ஓரத்தில் பொடி எழுத்து:
வேறு வண்டிக்கு மாற்ற இயலாது.
பிய்த்தால் செல்லாது.

ஜூனில் பிரிந்தோம்.
தட்டுகளை எண்ணினோம், போர்வைகளை எண்ணினோம்,
பனி தள்ளும் இயந்திரம் அவனுக்கு,
வண்டி எனக்கு.
வக்கீலின் பட்டியலில்
நாரை எங்குமே இல்லை.

'என்னுடைய பதினாலு டாலர்?' என்றான் லோவெல்
தொலைபேசியில்.
சிரித்தானா என்று தெரியவில்லை.
சனிக்கிழமை எட்டு மணிக்கு
பெட்ரோல் பங்க் வாசலில் நில் என்றேன்.

வரைபடத்தில் பத்தொன்பது பூங்கா.
ஒன்றையும் விடுவதாக இல்லை,
கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படகுத்துறையில் ஒரு மனிதன்
டிரெய்லரைப் பின்னோக்கித் தண்ணீருக்குள் இறக்க
கரையில் நின்ற ஏழு பேரும்
ஏழு விதமாய்க் கை காட்டினார்கள்.
லோவெல் எட்டாவது.
டிரெய்லர் குறுக்கே மடங்கிப்போனது.

சதுப்பில் பலகைப் பாதை.
காலடியில் பூமி மெத்தைபோல் அமுங்கியது.
பூச்சி தின்னும் செடியொன்றை
மண்டியிட்டு அரைமணி பார்த்தான்.
பதினோரு வருடத்தில்
அவன் அப்படி எதையும் பார்த்து நான் பார்த்ததில்லை.
சொல்லவில்லை. கொசுவை மட்டும் திட்டினேன்.

ஏழாம் எண் பூங்காவில்
'வசதிகள்: இல்லை' என்றது பலகை.
உண்மைதான்.
பலகைக்குப் பின்னால் புல், புல்லுக்குப் பின்னால் புல்.

நாய் இல்லாதவர்கள்
நாய்ப் பூங்காவுக்குள் நுழையக் கூடாதென்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
நுழைந்தோம்.
கிழட்டு வேட்டைநாயொன்று வந்து
லோவெலின் முழங்காலில் முழு எடையையும் சாய்த்து நின்றது.
நகர்ந்தால் விழுந்துவிடும் என்று
அவன் நகரவே இல்லை.

ஆகஸ்டில் கூடாரத்திடல்.
சைக்கிள் பிள்ளைகள் வட்டமடித்துக்கொண்டே இருந்தார்கள்.
விறகுக்கட்டு ஐந்து டாலர், பணம் பெட்டியில்.
காவலர் வெண்டெல் ஓடிவந்து
'உங்கள் கணவர் தொப்பியை மறந்துவிட்டார்' என்றார்.
வாங்கிக்கொண்டேன்.
திருத்துவதென்றால்
எங்கிருந்து ஆரம்பிப்பது?

காட்டுத்தீ பார்க்கும் கோபுரத்தில்
நூற்றுப் பன்னிரண்டு படி.
உயரம் அவனுக்கு ஆகாது, நான் மட்டும் ஏறினேன்.
மேலே காற்றில் இரும்பு முனகியது.
ஏரிகள், ஏரிகள், நடுவே ஒரு கைக்குட்டையளவு சோளக்காடு.
கீழே என் வண்டி. அதன் அருகே
எறும்பளவு லோவெல்
கண்ணாடியில் செத்து ஒட்டியிருந்த பூச்சிகளைச்
சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.
நாரை வரும் மூலையில் கை மெதுவானது,
அத்தனை உயரத்திலிருந்தும் அது தெரிந்தது.

நவம்பரில் குழாய்களை அடைத்தார்கள்.
அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிக் கொண்டுபோனார்கள்.
மான் வேட்டைக் காலம்,
ஆரஞ்சுச் சட்டை அணியாமல் நடக்காதீர்.
அவனிடம் இரண்டு இருந்தன.
ஒன்று என்னுடையதுதான்,
எண்ணும்போது தவறியிருக்கிறது.

பத்தொன்பதாவது, ஏரி நடுவே ஒரு தீவு.
கோடையில் படகு வேண்டும், எங்களிடம் இல்லை.
குளிர்காலத்தில் நடந்தே போகலாம்,
பனிக்கட்டி நாலு அங்குலம் உறைந்திருந்தால்.

டிசம்பர் முப்பத்தொன்று. மாலை நாலேகால்.
மீன் பிடிக்கும் டூ கெர் வாங்
கரையோரம் துளை போட்டு அளந்து
இரண்டு விரலைக் காட்டினார்.
'போகாதீங்க,' என்றார். 'நானே போகல.'

நின்றோம்.
தீவில் ஒரு மேசை இருந்தது,
அதன்மேல் யாரும் தொடாத பனி.
உறைந்த ஏரி எங்கோ அடியில்
கம்பி அறுந்ததுபோல் ஒலித்தது.

'அடுத்த வருஷம் முப்பத்திரண்டாம்,' என்றான்.

வண்டிக்குத் திரும்பினேன்.
கண்ணாடி முழுக்க உறைபனி.
சுரண்டியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன்,
முதலில் அவன் பக்கத்தை.